வைகாசி வானம்

மே மாத இரவில் 9 மணியளவில் மொட்டைமாடியில் வடக்கு நோக்கி நில்லுங்கள். கவிழ்த்த அகப்பை போல் ஏழு விண்மீன்கள் உயரத்தில் தோன்றும். இவற்றை எழுமீன் என்றும் சப்தரிஷி மண்டலம் என்றும் கூறுவர். காம்பின் நடுமீனுக்கு அருகே மங்கலாக மினுங்குவது, திருமணத்தில் மணமக்களுக்குக் காட்டப்படும் அருந்ததி.

காம்பின் வளைவைத் தொடர்ந்தால் செம்மஞ்சள் நிறச் சுவாதியும், அதற்கும் தெற்கே நீலவெண்ணிறச் சித்திரையும் தென்படும். முழுநிலவு சித்திரை மீனின் அருகே வரும் மாதமே சித்திரை மாதம்.

காம்புக்கு எதிர்முனையிலுள்ள இரு மீன்களை இணைக்கும் கோட்டைக் கீழ்நோக்கி ஐந்து மடங்கு நீட்டினால் துருவமீனை அடையலாம். ஓர் ஊரின் அட்சரேகை எத்தனை பாகையோ, ஏறத்தாழ அத்தனை பாகை உயரத்தில் அது நிற்கும். தில்லியில் 29, சென்னையில் 13, கன்னியாகுமரியில் 8.

நீட்டிய கையின் மூடிய முட்டி ஏறத்தாழ 10 பாகையை மறைக்கும். தில்லியில் மூன்று முட்டி உயரத்தில் நிற்கும் துருவமீன், கன்னியாகுமரியில் ஒரு முட்டிக்கும் தாழ்ந்துவிடும். ஆனால் தில்லியில் முழுமையாக எழாத தென்சிலுவை, அங்கே தென்வானில் நன்கு விளங்கும்.

விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது இரண்டையும் அளந்து பாருங்கள். தாத்தா, பாட்டி அறிந்த விண்மீன் பெயர்களையும் கேட்டு எழுதி வாருங்கள்.