கனடாவின் முதல் பன்னிரண்டு மாதங்கள்

குடியுரிமைப் பரீட்சைக்குப் படிக்கும் நம்மவர்கள் எல்லோருக்கும் 1867 யூலை 1 என்ற திகதி மனப்பாடம். ஒன்ராறியோ, கியூபெக், நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்சுவிக் என்று நான்கு மாகாணங்களையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவோம். அதற்குப் பிறகு அந்த ஆண்டில் என்ன நடந்தது என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். தொழிற்சாலையில் என்னோடு நிற்கும், இங்கேயே பிறந்தவர்களும் தெரியாது என்றுதான் சொன்னார்கள். 'சமஷ்டி' என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்த நாம் அதை அறிந்திருக்க வேண்டும்.

நாம் வாழும் யூனியன்வில்லின் பெயரிலேயே இந்தக் கதையின் தொடக்கம் இருக்கிறது. 1841 இல் மேல் கனடாவும் கீழ் கனடாவும் ஒரே ஆட்சியாக இணைக்கப்பட்டன. அந்தக் காலத்தில் ஐரா வைட் என்பவர் இங்கு கட்டிய மா ஆலைக்கு 'யூனியன் மில்ஸ்' என்று பெயர். அதிலிருந்தே ஊருக்குப் பெயர் வந்தது. ஆனால் அந்த இணைப்பு சரிவரவில்லை. ஆங்கிலம் பேசுவோரும் பிரெஞ்சு பேசுவோரும் ஒரே சபைக்குள் இழுபறிப்பட்டார்கள். அரசாங்கங்கள் அடிக்கடி கவிழ்ந்தன. அதன் பின்னர்தான் சமஷ்டியை நாடினார்கள்.

யாருக்கு எந்த வேலை?

புதிய சட்டம் அதிகாரத்தைப் பிரித்தது. பாதுகாப்பு, தபால், நாணயம், குற்றவியல் சட்டம் ஆகியவை ஒட்டாவாவுக்கு. கல்வி, வைத்தியசாலை, உள்ளூராட்சி ஆகியவை மாகாணங்களுக்கு. இன்றைக்கும் அகதிக் கோரிக்கைக்கு மத்திய அரசிடமும், சுகாதார அட்டைக்கு ஒன்ராறியோவிடமும் நாம் போவது அந்தப் பிரிவினையால்தான். ஒட்டாவா நாடாளுமன்றத்தில் ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டிலும் பேசலாம் என்பதும் அதே சட்டத்தில் எழுதப்பட்டது.

முதல் பிரதமர் ஜோன் ஏ. மக்டொனால்ட் 13 பேர் கொண்ட அமைச்சரவையை அமைத்தார். ஒன்ராறியோவுக்கு 5, கியூபெக்குக்கு 4, மற்ற இரு மாகாணங்களுக்கும் தலா 2. இந்தக் கணக்குச் சரிவர வேண்டும் என்பதற்காகச் சமஷ்டிக்கு உழைத்த சார்ள்ஸ் ரப்பரும் டார்சி மக்கீயும் தங்கள் பதவிகளை விட்டுக்கொடுத்தார்கள்.

எதிர்த்து வென்ற மாகாணம்

ஆகஸ்ட், செப்ரெம்பர் மாதங்களில் முதல் தேர்தல் நடந்தது. பெரும்பாலான இடங்களில் எல்லோர் முன்னிலையிலும் வாயால் சொல்லியே வாக்களித்தார்கள். பெண்களுக்கு வாக்கில்லை. ஆண்களிலும் சொத்துப் பெறுமதி பார்த்தே கொடுத்தார்கள்.

மக்டொனால்ட் வென்றார். ஆனால் நோவா ஸ்கோஷியாவின் 19 ஆசனங்களில் 18 இல் சமஷ்டியை எதிர்த்தவர்களே வென்றார்கள். தங்களைக் கேளாமல் இணைத்துவிட்டார்கள் என்பது அவர்களின் கோபம். அவர்களின் தலைவர் ஜோசப் ஹாவ், 1867 நவம்பரில் கூடிய முதல் நாடாளுமன்றத்தில் போய் இருந்து எதிர்த்துப் பேசினார். 1868 இல் லண்டன் போய்த் தங்களைப் பிரித்துவிடும்படி கேட்டார். லண்டன் மறுத்தது. அந்தக் கோடையில் பிரதமரே ஹலிபக்ஸ் போய்ப் பேச்சு நடத்தினார். நோவா ஸ்கோஷியாவுக்குக் கூடுதல் நிதி கிடைத்தது. 1869 இல் ஹாவ் அதே அமைச்சரவையில் சேர்ந்தார். அவரை யாரும் துரோகி என்று சிறையில் போடவில்லை.

அகதியாக வந்த ஒருவர்

மேலே சொன்ன டார்சி மக்கீ அயர்லாந்தில் பிறந்தவர். பிரித்தானிய ஆட்சிக்கு எதிரான 1848 கிளர்ச்சியில் பங்குகொண்டு, பிடிபடாமல் அமெரிக்காவுக்குத் தப்பியவர். 1857 இல் மொன்றியால் வந்து பத்திரிகை நடத்தினார். அடுத்த பத்து ஆண்டுகளில் இந்த நாட்டை உருவாக்கியவர்களில் ஒருவராகிவிட்டார். அயர்லாந்தின் ஆயுதக் குழுவான பீனியன்களை வெளிப்படையாகக் கண்டித்தும் வந்தார். 1868 ஏப்ரல் 7 அதிகாலை, நாடாளுமன்ற விவாதம் முடிந்து தங்குமிடம் திரும்பியபோது வாசலில் வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். அவருடைய 43 ஆவது பிறந்த நாளில் இறுதிச் சடங்கு நடந்தது.

நமது தீவின் முதல் ஆண்டு

இலங்கை 1948 பெப்ரவரி 4 இல் சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டிலேயே வந்த குடியுரிமைச் சட்டம், தேயிலைத் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அதை எதிர்த்துப் பிரிந்த எஸ். ஜே. வி. செல்வநாயகம் முதலானோர் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கிச் சமஷ்டி கேட்டார்கள். ஹாவைப் போலவே அவர்களும் சபையில் இருந்து பேசினார்கள். ஒப்பந்தங்களும் எழுதினார்கள். அவை நிறைவேற்றப்படவில்லை.

கனடாவைப் புகழ்ந்து தள்ளுவதற்கு இதை எழுதவில்லை. 1867 இல் இந்த மண்ணின் ஆதிக்குடிகளை எவரும் கேட்கவில்லை. தங்கள் அந்தஸ்தை இழக்காமல் மத்திய தேர்தலில் வாக்களிக்கும் உரிமை அவர்கள் எல்லோருக்கும் 1960 இல்தான் கிடைத்தது. குறைகள் இருந்த நாடுதான். ஆனால் முதல் ஆண்டிலேயே கோபித்துக்கொண்ட ஒரு மாகாணத்தோடு பேசி அதற்கு வழி கண்டது. நமது தீவில் நாம் கேட்டதும் அவ்வளவுதான்.

பரீட்சைக்குப் படிக்கும்போது பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்தி ஹாவின் கதையையும் மக்கீயின் கதையையும் சொல்லுங்கள். குடியுரிமை கிடைத்ததும் மாநகரசபை, மாகாணம், ஒட்டாவா என்ற மூன்று தேர்தலிலும் தவறாமல் வாக்களியுங்கள்.