மின்முனைக்குப் புதுப் பூச்சு

தமிழ்ப் பேச்சு கேட்கும் பெங்களூரு ஆஸ்டின் டவுனில் குளுக்கோமீட்டர் இல்லாத தெரு இருக்காது. இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2023இல் வெளியிட்ட ஆய்வு. விரலில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், சில நொடிகளில் திரையில் எண். ரத்தம் தொட்ட சோதனை ஸ்ட்ரிப் குப்பைக்குப் போய்விடும்.

அந்த ஸ்ட்ரிப்பின் நுனியை உற்றுப் பார்த்தால் ரத்தத்தை உறிஞ்சும் நுண்ணிய வாய்க்கால் ஒன்று தெரியும். அதன் அடியில் ஒரு மின்முனை, அதாவது எலக்ட்ரோடு. மின்முனையின் மேல் உலர்ந்த நொதிப் படலம். குளுக்கோஸ் ஆக்சிடேஸ் போன்ற நொதி ரத்தச் சர்க்கரையிலிருந்து எலக்ட்ரான்களைப் பிடுங்கிக்கொள்ள, இடையிலுள்ள ஒரு ரசாயனம் அவற்றை மின்முனையில் சேர்க்கிறது. சர்க்கரை எவ்வளவோ, மின்னோட்டமும் அவ்வளவு. மின்முனையோடு நொதியைச் சேர்க்கும் இந்த வழியை 1962இல் முன்வைத்தவர் அமெரிக்காவின் லேலண்ட் கிளார்க்.

நொதி ஒரு புரதம். சூடும் ஈரமும் அதற்கு ஆகாது. ஸ்ட்ரிப் டப்பாவை இறுக மூடி வைக்கச் சொல்வது அதனால்தான். ரத்தப் பரிசோதனைக்கு ஒருமுறை பயன்படுத்தி எறிவதே சரி. தொற்று பயம் இருக்கிறதே. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் (ஐஐஎஸ்சி) பேராசிரியர் நவகாந்த பட் குழுவினரின் முயற்சியில் பிறந்த பாத்ஷோத் நிறுவனத்தின் கையடக்கக் கருவியும், நீரிழிவு தொடர்பான பல சோதனைகளை இப்படி எறியும் ஸ்ட்ரிப்புகளைக் கொண்டே செய்கிறது.

தண்ணீரின் கதை வேறு. ஏரியிலோ ஆலைக் கழிவுக் குழாயிலோ வைக்கும் உணரி, அதாவது சென்சார், இரவும் பகலும் உழைக்க வேண்டும். நொதியோ சில நாட்களிலேயே சோர்ந்துவிடும். மின்முனை நன்றாகத்தான் இருக்கும், மேலே உள்ள பூச்சு மட்டும் செத்திருக்கும். அதற்காக முழு உணரியையும் தூக்கி எறிய வேண்டுமா?

வேண்டாம் என்று காட்டியது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மார்க் வோர்டன் குழு. நேர்மின்னேற்றம் கொண்ட பாலிமர், நொதி, அதற்குத் துணைபுரியும் மூலக்கூறு ஆகியவற்றை மின்முனைமேல் அடுக்கடுக்காகப் படிய வைத்தார்கள். அடுக்குகளைப் பிடித்து வைத்திருப்பது எதிரெதிர் மின்னேற்றங்களின் ஈர்ப்பு. கரைசலை அமிலமாக்கினால் மின்னேற்றம் மாறி, பிடி தளர்ந்து, பூச்சு கழன்றுவிடும். அலசிவிட்டு மறுபடி அடுக்கினால் உணரி புதிது. சுவரை இடிக்காமல் பழைய சுண்ணாம்பைச் சுரண்டி வெள்ளையடிப்பதைப் போன்ற வேலை. இந்த ஆய்வு வெளிவந்தது 2007இல்.

பூச்சிமருந்தைக் கண்டறியும் உணரிகளுக்கு இப்படிப் பூச்சை மாற்றுவது இன்னும் அவசியம். அவற்றில் பெரும்பாலும் பயன்படுவது அசிட்டைல்கோலின் எஸ்டரேஸ் என்ற நொதி. ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து அதைக் கவ்விச் செயலிழக்கச் செய்கிறது, மின்னோட்டம் குறைகிறது, அந்தக் குறைவே அளவு. வேலை முடிந்தபோது நொதியும் முடிந்திருக்கும். கவ்விய விஷத்தை விடுவிக்கப் பிராலிடாக்சைம் பயன்படுகிறது. பூச்சிமருந்து குடித்து ஆஸ்பத்திரிக்கு வருபவருக்கு ஏற்றும் அதே மருந்துதான். ஆனால் தாமதமானால் அதற்கும் நொதி மசியாது. அப்போது பூச்சையே மாற்றுவதுதான் வழி. மைசூருவிலுள்ள உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனமான சிஎஃப்டிஆர்ஐ, உணவிலுள்ள பூச்சிமருந்து எச்சத்தை அறியும் உயிர் உணரிகளில் பல ஆண்டுகளாக ஆய்வு செய்துவருகிறது.

ஆஸ்டின் டவுன் பக்கத்துச் சாக்கடை கோரமங்களா பள்ளத்தாக்கு வழியாகப் பெல்லந்தூர் ஏரியில் சேர்கிறது. நுரை பொங்கி, 2017இலும் 2018இலும் தீப்பற்றிய ஏரி அது. இப்படியான நீரை விட்டுவிட்டுச் சோதிப்பது போதாது. நஞ்சு கலக்கும் நேரத்திலேயே தெரிய வேண்டும். அதற்கு, தன் பூச்சைத் தானே கழற்றி மாற்றிக்கொள்ளும் உணரி பெரிதும் உதவும்.

தடைகளும் உண்டு. ஒவ்வொரு முறை பூசும்போதும் நொதியின் அளவு சற்று மாறும், மின்னோட்டமும் மாறும். எனவே அளவு தெரிந்த கரைசலால் ஒவ்வொரு முறையும் சரிபார்த்தாக வேண்டும். அமிலம், நொதிக் கரைசல், அலசும் நீர் எல்லாவற்றையும் கருவியே வரிசையாகச் செலுத்த வேண்டும். நொதிக் கரைசலை வெயிலிலிருந்து காத்துக் குளிராக வைக்கவும் வேண்டும்.