தரைக் குளிர் ஏறாத பாய் எது?

ஆனித் திருவிழாவுக்கு நயினாதீவு போய்வரும் தோட்டக் குடும்பங்கள் உண்டு. குறிகட்டுவானில் படகேறி, நாகபூசணி அம்மனைக் கும்பிட்டு, திரும்பும்போது பனையோலைப் பாய் ஒன்றும் வாங்கி வருகிறோம். அங்கே அதில் சுகமாகத் தூங்கினோம். இங்கே லயத்துக் காம்பராவில் விரித்தால் முதுகு விறைக்குதே, ஏன்?

பாயில் குறையில்லை. தீவில் ராத்திரியும் வெக்கை. உடம்புச் சூட்டைத் தரைக்கு விட்டுவிடும் மெல்லிய பாய்தான் அங்கே சுகம். நுவரெலியாவோ சுமார் 1,868 மீற்றர் உயரம். இங்கே சீமெந்துத் தரை சூட்டை இழுத்துக்கொள்ளும். அதைத் தடுப்பது பாய்க்குள் அடைபட்டு நிற்கும் காற்றுதான். மேலே எத்தனை கம்பளி போர்த்தினாலும், அடியில் அந்தக் காற்று இல்லையென்றால் குளிர் ஏறும்.

மலிவான நுரைப் பாய் வாங்கும்போது மூன்று சோதனை செய்வோம். விரலால் அழுத்தி விடுங்க. பள்ளம் உடனே நிமிர வேண்டும். முழங்காலை ஊன்றுங்க, தரை தட்டுப்பட்டால் வேண்டாம். ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்க. உறிஞ்சினால் ஈரத்தரைக்கு ஆகாது. வெள்ளித்தாள் பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீங்க, தடிப்புதான் முக்கியம்.

கையில் காசில்லையா? காய்ந்த அட்டைப் பெட்டியை விரித்து, மேலே சாக்கு, அதன்மேல் ஓலைப் பாய். ஒவ்வொரு அடுக்கும் சூட்டைக் காக்கும். காலையில் எடுத்து வெயிலில் போடுங்க. ஈரம் பிடித்தால் சூடு நிற்காது. நுரைப் பாய் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்புக்குத் தள்ளியே வையுங்க.

வீட்டில் நல்ல பாய் ஒன்றுதான் என்றால், அது சின்னப் பிள்ளைகளுக்கும் பிள்ளைத்தாச்சிக்கும் இருக்கட்டும்.