கடன் இல்லாம காலேஜ்: திருக்கடையூர்ல இருந்து ஒரு கணக்கு

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த எபிசோடை திருக்கடையூர்ல இருந்து பேசுறேன். ஊர் பேரைக் கேட்டதும் அறுபதாம் கல்யாணம்தான் ஞாபகம் வரும். நான் பேசப்போறது பதினெட்டு வயசுக்காரங்களைப் பத்தி. ப்ளஸ் டூ முடிச்ச ஒரு பிள்ளை, வீட்டைக் கடன்ல தள்ளாம டிகிரி முடிக்க முடியுமா? அதுக்கு என்னென்ன சரியா நடக்கணும்? அதைத்தான் இன்னைக்குப் பார்க்கப்போறோம்.

ஜூன் மாசத்துப் பிரச்சினை

இங்கேயிருந்து தெற்கே போனா பொறையார்ல ஒரு அரசு உதவி பெறும் கல்லூரி. வடக்கே மேலையூர்ல அறநிலையத்துறை நடத்துற பூம்புகார் கல்லூரி. மேற்கே மயிலாடுதுறையில அரசு மகளிர் கலைக் கல்லூரி. அரசுக் கலைக் கல்லூரியில இளங்கலைக்கு கல்விக்கட்டணம் ரத்தாகி பல வருஷம் ஆச்சு. தேர்வுக் கட்டணம், சிறப்புக் கட்டணம் மாதிரி சின்னத் தொகைகள்தான் மிச்சம். "அப்புறம் என்ன, காலேஜ் ஃப்ரீதானே?"ன்னு நீங்க கேக்கலாம்.

காசு கையில இருக்கிற மாசமும் காலேஜ் காசு கேக்கிற மாசமும் ஒண்ணா இல்லை. அதுதான் சிக்கல். மேட்டூர் அணையை வழக்கமா ஜூன் 12-ல திறப்பாங்க. காலேஜ் அட்மிஷனும் அதே சமயம்தான். விதை, உழவு, நடவுக் கூலின்னு இருந்த காசெல்லாம் குறுவை வயலுக்குள்ள போயிருக்கும். சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்துல நெல்லைப் போட்டுப் பணம் கையில வர தை, மாசி ஆயிடும். கூலி வேலைக்குப் போற வீட்டுலயும் இதே காலண்டர்தான். அதுவும் இது கடைமடை. தண்ணி வர்றதும் லேட்டு.

அதனால அட்மிஷன், பஸ், புத்தகம், ஹாஸ்டல் அட்வான்ஸ் எல்லாத்துக்கும் அம்மாவோட நகை கூட்டுறவு சங்கத்துக்குப் போகும். இல்லைன்னா மகளிர் குழுக் கடன். பேங்க் கணக்குல இதுக்குப் பேரு நகைக்கடன், குழுக்கடன். வாங்கினது என்னவோ படிப்புக்குத்தான். அமெரிக்காவுல மாணவர் பேர்ல இருக்கிற கடன் இங்கே அம்மா பேர்ல இருக்கு. அதனாலதான் "நம்ம ஊர்ல அரசுக் கல்லூரிப் பசங்களுக்குக் கடன் இல்லை"ன்னு சுலபமா சொல்லிட முடியுது.

கல்விக் கடன் யாருக்கு?

முறையான கல்விக் கடன்ல படிக்கிற காலம், அதுக்கு மேல ஒரு வருஷம் தவணை கட்ட வேண்டாம். ஆனா வட்டி மீட்டர் முதல் நாளே ஓட ஆரம்பிச்சிடும். பெற்றோரும் சேர்ந்து கையெழுத்துப் போடணும். வருஷ வருமானம் 4.5 லட்சத்துக்குள்ள இருக்கிற குடும்பத்துக்கு அந்தக் கால வட்டியை மத்திய அரசு கட்டுற திட்டம் இருக்கு. அது தொழில்நுட்ப, தொழிற்படிப்புகளுக்கு. பி.ஏ. வரலாறு, பி.எஸ்ஸி. தாவரவியல் படிக்கிறவங்களுக்கு அதனால பலன் இல்லை.

தாலித் தங்கம் காலேஜ் பணமா மாறின கதை

மயிலாடுதுறை பக்கத்துல மூவலூர்னு ஒரு ஊர். தேவதாசி முறைக்கு எதிரா போராடின மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பேர்ல 1989-ல ஒரு திருமண உதவித் திட்டம் வந்துச்சு. கடைசியில அது எப்படி இருந்துச்சுன்னா, பட்டதாரிப் பெண்ணுக்குக் கல்யாணத்தப்போ 50,000 ரூபாயும் தாலிக்கு 8 கிராம் தங்கமும். 2022 பட்ஜெட்ல இதை உயர்கல்வி உறுதித் திட்டமா மாத்தினாங்க. அதே வருஷம் செப்டம்பர் 5-ல புதுமைப் பெண்ங்கிற பேர்ல தொடங்குச்சு. 6-லேர்ந்து 12 வரை அரசுப் பள்ளியில படிச்ச பெண்ணுக்கு, படிப்பு முடியிற வரை மாசம் 1,000 ரூபாய், நேரா அவங்க அக்கவுண்ட்ல. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9-ல வந்துச்சு.

மூணு வருஷத்துக்கு 36,000 ரூபாய். தொகை பெருசு இல்லை. ஆனா முன்னாடி படிச்சு முடிச்சு கல்யாணம் ஆனாத்தான் பணம். இப்போ படிக்கும்போதே மாசாமாசம் வருது. ஜூன்ல நகையை எடுத்துட்டுப் போறதைத் தடுக்கிற வாய்ப்பு இந்த மாதிரிப் பணத்துக்குத்தான் இருக்கு. கூடவே 2021-லேர்ந்து, 7.5 சதவீத ஒதுக்கீட்டுல பொறியியல் மாதிரி தொழிற்படிப்புல சேர்ற அரசுப் பள்ளி மாணவர்களோட கல்விக்கட்டணம், ஹாஸ்டல் கட்டணம் எல்லாத்தையும் மாநில அரசே கட்டுது.

கட்டணம் திரும்பி வரும்

இலவசம்னு ஒரு தடவை அறிவிச்சா அது நிரந்தரம் இல்லை. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்துல நூறு வருஷத்துக்கு மேல கட்டணம் இல்லை. நகர நிதி நெருக்கடியில 1976-ல வந்துச்சு. இங்கிலாந்துல 1998-ல 1,000 பவுண்டுன்னு ஆரம்பிச்சு 2012-ல 9,000 வரைக்கும் போச்சு. ஜெர்மனியில தலைகீழ். பல மாநிலங்கள் கட்டணம் கொண்டுவந்து, மக்கள் எதிர்ப்புல ஒவ்வொண்ணா கைவிட்டு, கடைசி மாநிலமும் 2014-ல நிறுத்திடுச்சு. ரெண்டு திசையிலயும் முடிவெடுத்தது அரசியல்தான்.

அடைபடாத ஓட்டைகள்

ஒண்ணு, சீட். உதவி பெறும் கல்லூரியில ஒரே கேம்பஸ்ல ரெண்டு விதமான கட்டணம். அரசு உதவி பெறும் பிரிவுல இடம் கிடைக்கலைன்னா, அதே பாடத்துக்கு சுயநிதிப் பிரிவுல பல மடங்கு கட்டணும். சில மார்க் வித்தியாசத்துல ஒரு வீடு கடனாளி ஆகுது.

ரெண்டு, ஆசிரியர். அரசுக் கல்லூரிகள்ல கௌரவ விரிவுரையாளர்களை வெச்சுத்தான் பல வகுப்புகள் நடக்குது. யுஜிசி 2019-ல அவங்களுக்கு மாசம் 50,000 வரை தரலாம்னு சொல்லுச்சு. இங்கே 2023-ல உயர்த்தின பிறகும் 25,000தான். மாணவர்கிட்ட வாங்காத காசை ஆசிரியர் சம்பளத்துல பிடிச்சா, அதுவும் ஒரு வகைக் கடன்தான். வகுப்போட தரத்துல அது திரும்பி வரும்.

மூணு, நேரம். என் கருத்து இது: மாசம் ஆயிரத்தோட, ஜூன்ல மட்டும் மூணு மாசப் பணத்தை முன்கூட்டியே கொடுக்கலாம். புதுசா திட்டமே வேண்டாம். தேதியை மாத்தினா போதும்.

அட்மிஷனுக்கு முன்னாடி

உங்க தம்பி, தங்கச்சி சேரப்போறாங்கன்னா மூணு கேள்வி கேளுங்க. இது உதவி பெறும் பிரிவா, சுயநிதியா? அரசுப் பள்ளியில படிச்சிருந்தா மாசப் பணத்துக்குக் காலேஜ் மூலமா விண்ணப்பிச்சாச்சா? மூணு வருஷத்துக்குப் பஸ், சாப்பாடு, தங்குறது எவ்வளவு? மூணாவது கேள்விக்கான பதிலை வீட்டுல எல்லாரும் உட்கார்ந்து பேப்பர்ல எழுதிப் பாருங்க. நகையைக் கையில எடுக்கிறதுக்கு முன்னாடி அந்தப் பேப்பர் ரெடியா இருக்கட்டும். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.