பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இசுலாமிய நோயாளர் பராமரிப்பு

இசுலாமிய நோயாளர் பராமரிப்பு என்பது இசுலாமியரின் நோன்பு, தொழுகை, உடல் மறைப்பு, உணவு விலக்கு, இறப்புச் சடங்கு ஆகியவற்றை அறிந்து அவற்றிற்கேற்ப மருத்துவம் அளித்தலைக் குறிக்கும். தமிழ்நாட்டின் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் நீரிழிவு உடையோர் நோற்கும் ரமலான் நோன்பு இதில் முதன்மையானதாகும்.

பின்னணி

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெரம்பலூரில் 5,65,223 பேரும், அரியலூரில் 7,54,894 பேரும் வாழ்ந்தனர். இரண்டிலும் இசுலாமியர் சிறுபான்மையினர். பெரம்பலூர் மாவட்டத்தின் லப்பைக்குடிக்காடு, வி. களத்தூர் ஆகியன இவர்கள் மிகுதியாக வாழும் ஊர்கள். ஆண்கள் பலர் வளைகுடா நாடுகளில் பணிபுரிவதால், பெண்கள் கணவர் துணையின்றி மருத்துவமனைக்கு வருவது இங்கு இயல்பு.

நோன்பும் நீரிழிவும்

இப்பகுதியில் நோன்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ 13 முதல் 14 மணி நேரம் நீடிக்கிறது. தண்ணீரும் அருந்துவதில்லை. இசுலாமிய நாட்காட்டி சந்திரனைச் சார்ந்தது. ஆதலால் ரமலான் ஆண்டுதோறும் 10 அல்லது 11 நாட்கள் முன்னகர்கிறது. 2017 முதல் 2022 வரை அது கோடையில் வந்தது. அக்காலத்தில் உடலின் நீரிழப்பும் கூடுதல் இடராகும்.

நோயுற்றோருக்குக் குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் விலக்களிக்கிறது. தீராத நோயுடையோர் ஒவ்வொரு நோன்புக்கும் ஈடாக ஓர் ஏழைக்கு உணவளிக்கலாம். இது ஃபித்யா எனப்படும். எனினும் விலக்கு உண்டு என்பதை அறிந்தும் நோன்பை விடாதவர் பலர். 13 நாடுகளில் நடத்தப்பெற்று 2004இல் வெளியான எபிடியார் ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு உடையோரில் சுமார் 79 விழுக்காட்டினர் குறைந்தது 15 நாட்கள் நோன்பிருந்தது தெரியவந்தது. எனவே நோன்பு வேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்புவது பயன்தருவதில்லை. மருத்துவர் கடிந்துகொள்வார் என அஞ்சுபவர் நோன்பிருப்பதையே மறைத்துவிடுவர்.

இடர் மருந்துச் சீட்டிலேயே உள்ளது. 1-0-1 என்பதைக் காலை, இரவு எனக் கொண்டு, ஸஹரில் முழு அளவு மாத்திரையை விழுங்கிப் பகலெல்லாம் பட்டினியிருந்தால் சர்க்கரை அபாயகரமாகத் தாழக்கூடும். கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளிலும் இன்சுலினிலும் இவ்வாய்ப்பு மிகுதி, மெட்பார்மினில் குறைவு. பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பின் வழிகாட்டல், கலப்பு இன்சுலினின் வழக்கமான காலை அளவை நோன்பு துறக்கும் வேளைக்கு மாற்றி, இரவு அளவை 25 முதல் 50 விழுக்காடு குறைத்து ஸஹரில் இடப் பரிந்துரைக்கிறது. இம்மாற்றத்தை மருத்துவரே செய்தல் வேண்டும். சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழோ 300க்கு மேலோ சென்றால் நோன்பை உடனே முறிக்க வேண்டும். விரலில் குத்திச் சோதித்தால் நோன்பு முறியாது என்பதை நோயாளருக்குச் சொல்லுதல் இன்றியமையாதது. இதில் பள்ளிவாசல் இமாமின் சொல் மருத்துவர் சொல்லினும் எளிதில் ஏற்கப்படும்.

இம்மதிப்பீடு ரமலானுக்கு 6 முதல் 8 வாரங்கள் முன்னரே நடைபெற வேண்டும். 2021இல் தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் பலர் மாத்திரைகளை வீட்டிலேயே பெறலாயினர். மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர், நோன்பிருக்கப் போகிறீர்களா என அப்போதே கேட்டறிவது எளிது.

பிற கூறுகள்

பெண் நோயாளரைப் பெண் மருத்துவர் ஆய்வதே விரும்பப்படுகிறது. கட்டாயத் தேவையில் ஆண் மருத்துவரும் ஆயலாம் என்பது மார்க்க நிலைப்பாடு. ஆய்வுக்குரிய பகுதியை மட்டும் திறத்தலும், திரையிடுதலும் செலவற்ற ஏற்பாடுகள். ஹெப்பாரின் பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுவதால், அவசரமற்ற நிலையில் முன்கூட்டித் தெரிவிப்பது முறை.

இறப்பு

இறந்தவரைக் குளிப்பாட்டி, கபனிட்டு, விரைந்து அடக்கம் செய்வது கடமை. பிணக்கூறாய்வு மாலைக்குப் பின் நடவாததால் உடலுக்காக இரவு முழுதும் காத்திருக்க நேர்ந்ததுண்டு. 2021 நவம்பர் 15 அன்று, உரிய வசதியுள்ள மருத்துவமனைகளில் இரவிலும் பிணக்கூறாய்வு செய்ய இந்திய அரசு இசைவளித்தது. கொலை, தற்கொலை, ஐயத்திற்கிடமான மரணம் போன்றவற்றுக்கு, சட்டம் ஒழுங்குக் காரணமிருந்தாலன்றி, இது பொருந்தாது.