தட்டில் வளராத கிருமி

ராத்திரி ஒரு கரண்டி உறை ஊற்றினால் விடிவதற்குள் பால் தயிராகிவிடுகிறது. பாக்டீரியாக்கள் பெருகும் வேகம் அப்படி. நம் குடலில் வாழும் ஈ.கோலை, சூழல் வாய்த்தால் 20 நிமிடத்தில் ஒன்று இரண்டாகும். தொழுநோய்க் கிருமிக்கு அதற்கே ஏறக்குறைய இரண்டு வாரம் வேண்டும். அதுவும் உயிருள்ள உடம்புக்குள் இருந்தால்தான். நார்வே மருத்துவர் ஹான்சன் 1873-இல் கண்டறிந்த இந்தக் கிருமியை ஆய்வகத் தட்டில் வளர்க்கும் வழி இன்றுவரை கைகூடவில்லை.

நுண்ணுயிரியல் மாணவர்களுக்கு ஆரம்பப் பாடமே கிருமி வளர்ப்புதான். அந்தப் பாடம் எடுபடாத கிருமியோடு மல்லுக்கட்டும் இடம், செங்கல்பட்டை அடுத்த திருமணி. 1924-இல் லேடி வில்லிங்டன் பெயரில் தொடங்கிய தொழுநோய் மருத்துவமனையை 1955-இல் மத்திய அரசு ஏற்று, பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனமாக்கியது.

இங்கே பயிற்சிக்கு வருகிறவர்கள் பழக வேண்டிய கைவேலை ஒன்று உண்டு. நோயாளியின் காது மடலை ரத்தம் சுண்டும்படி இறுக்கிப் பிடித்து, பிளேடு நுனியால் சிறிது கீறி, சுரண்டி வரும் திசுநீரைக் கண்ணாடிச் சில்லில் தடவ வேண்டும். பிறகு சிவப்புச் சாயம், அமிலக் கழுவல், நீலச் சாயம். மற்றவை நிறம் விட்டுவிடும். தொழுநோய்க் கிருமி மட்டும் சிவப்புக் குச்சியாக நிற்கும். காது மடல் எதற்கு? உடம்பின் குளிர்ந்த பகுதிகள்தான் இதற்குப் பிடித்த இடம்.

அந்தக் குளிர்ச்சி மோகத்தையே 1960-இல் அமெரிக்கர் ஷெப்பர்டு பயன்படுத்திக்கொண்டார். சுண்டெலியின் உள்ளங்கால் குளிர்ந்த இடம். அதில் சில ஆயிரம் கிருமிகளைச் செலுத்தினால் ஆறேழு மாதத்தில் பத்து லட்சம் அளவுக்குப் பெருகும். எலியின் தீவனத்தில் மருந்தைக் கலந்து கொடுத்தும் கிருமி பெருகினால், அந்த மருந்து இனி அந்தக் கிருமியிடம் பலிக்காது. ஒரு விடைக்கு அரை வருஷம்! பொறுமை இல்லாதவர்களுக்கான துறை அல்ல இது.

இத்தனை முரண்டு ஏன் என்பதற்கான தடயம் 2001-இல் கிடைத்தது. அப்போது முழு மரபணுத் தொகுதியும் படிக்கப்பட்ட கிருமி நம்மூர்க்காரன்: தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து பெறப்பட்டு, அர்மடில்லோ என்ற அமெரிக்க விலங்கின் உடலில் வளர்க்கப்பட்டது, அதனால் ‘டி.என்.’ என்றே பெயர். அதில் வேலை செய்யும் மரபணுக்கள் சுமார் 1,600. செத்துப்போனவை 1,100-க்கும் மேல். நெருங்கிய உறவான காசநோய்க் கிருமிக்கோ ஏறக்குறைய 4,000 மரபணுக்கள். தானே சமைக்கத் தேவையான பாத்திரங்களைப் பரம்பரை பரம்பரையாகத் தொலைத்துவிட்டு, பிற உயிரியின் உயிரணுவையே அண்டிப் பிழைக்கிறது இது.

மருந்துக்கு அடங்காத கிருமியா என்பதை இப்போது பி.சி.ஆர். முறையில் மரபணு மாற்றத்தைப் பார்த்து, சில நாட்களில் சொல்லிவிடலாம். ஆனால் வழக்கமான பி.சி.ஆருக்குச் செத்த கிருமியின் டி.என்.ஏ.வும் ஒன்றுதான், உயிருள்ளதும் ஒன்றுதான். உயிர் இருக்கிறதா என்று உறுதியாகத் தெரிய வேண்டுமானால் மறுபடியும் எலியின் காலுக்குத்தான் போக வேண்டும்.