முக மதிப்பு 100 ஷில்லிங்தான்... சோமாலியா வெள்ளி யானைக் காசுக்கு ஏன் இவ்வளவு விலை?

ஒரு பக்கம் யானை. மறுபக்கம் இரண்டு சிறுத்தைகள் தாங்கிப் பிடிக்கும் சோமாலியாவின் அரசுச் சின்னம். எடை ஒரு அவுன்ஸ், அதாவது 31.1 கிராம் சுத்த வெள்ளி. ஆனால் காசின் முக மதிப்பு வெறும் 100 ஷில்லிங். டாலர் கணக்கில் 20 சென்ட் கூடத் தேறாது!

அச்சடிப்பது யார்?

சோமாலியா இல்லை. ஜெர்மனியின் மியூனிக்கில் உள்ள பவேரிய அரசு நாணயச்சாலை. 1999-ல் ஜாம்பியா பெயரில் தொடங்கிய இந்த யானை வரிசை, 2004-ல் சோமாலியாவுக்கு மாறியது. அந்த நாட்டுக் கடைவீதியில் இந்தக் காசைப் பார்க்க முடியாது. வாங்குவதெல்லாம் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களும் முதலீட்டாளர்களும்தான். 50 ஃபிராங்க் முக மதிப்புள்ள ருவாண்டா வெள்ளிக் காசுகளும் இதே ரகம்தான்.

அப்போ நாட்டுப் பெயர் எதுக்கு?

அரசு பெயர் இருந்தால்தான் அது 'நாணயம்'. இல்லாவிட்டால் வெறும் வெள்ளி வில்லை. பெயர் கொடுக்கும் நாட்டுக்குக் கட்டணம் கிடைக்கும். வரியும் ஒரு காரணம். ஜெர்மனியில் 2013 இறுதிவரை வெள்ளிக் கட்டிக்கு 19% வாட் வரி. வெள்ளி நாணயங்களுக்குப் பொதுவாக 7% மட்டுமே.

சட்டப்படி செல்லும் பணம்னா பாதுகாப்புதானே?

இங்கதான் பலரும் குழம்புறாங்க. சட்டம் ஏற்பது முக மதிப்பை மட்டும்தான். நீங்கள் கொடுத்த விலையை அல்ல. வெள்ளி விலை சரிந்தால் எந்த அரசும் ஈடுகட்டாது. தென்னாப்பிரிக்காவைப் பாருங்க: 2017-ல் அறிமுகமான வெள்ளி க்ரூகராண்டின் முக மதிப்பு 1 ராண்ட். 1967 முதல் வரும் தங்க க்ரூகராண்டில் முக மதிப்பே கிடையாது. ஆனாலும் உலகம் முழுக்க விலை போகிறது. காரணம், உள்ளே இருக்கும் தங்கம்.

வாங்கும் முன் என்ன பார்க்கணும்?

எடை, தூய்மை, அன்றைய வெள்ளி விலை. அதற்கு மேல் கேட்கும் தொகைதான் 'பிரீமியம்'. சும்மா ஒரு கணக்கு: 100 ரூபாய் வெள்ளி உள்ள காசை 130 ரூபாய்க்கு வாங்குறீங்க. திரும்ப விற்கும்போது கடைக்காரர் வெள்ளிக்கு மட்டும் விலை போட்டால், வெள்ளி 30% ஏறினால்தான் உங்கள் அசலே கைக்கு வரும்.

யானையின் அழகுக்காக வாங்கினால் அந்த 30 ரூபாய் ரசனைக்கான செலவு. முதலீடு என்றால், 'திரும்ப என்ன விலைக்கு எடுப்பீங்க?' என்பதுதான் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி.